விழாவிட்டால் நாட்டுக்கா?

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் பஸ்ஸில் போனேன். புளியரையைக் கடந்து, மலை வளைவுகளில் மூச்சுவாங்க ஏறி, ஆரியங்காவில் பஸ் நின்றது. நின்றதுதான் தாமதம், பாதிப் பஸ் காலியாகிவிட்டது. மலைக்காற்றுக்கு இதமாக ஒரு டீ குடிக்கத்தான் இத்தனை அவசரம் போலும் என்று எண்ணி நானும் இறங்கினேன். டீக்கடையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். மற்ற எல்லோரும் பக்கத்துக் கடை வாசலில் நின்றார்கள். அது லாட்டரிக் கடை. பெயர்ப் பலகையில் மலையாளத்தோடு தமிழும் இருந்தது. தமிழ் எழுத்து ஒரு சுற்றுப் பெரிது என்றுகூடச் சொல்லலாம். வாடிக்கைக்காரன் மலையின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்பது வியாபாரிக்குத் தெரியாதா?

என் பக்கத்து இருக்கையில் வந்தவரும் அங்கே நின்றார். வயது ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று இருக்கும். கொத்து வேலைக்குக் கையாளாகப் போகிறவர். வழியில் பேச்சுக் கொடுத்ததில், நாள் கூலி தொள்ளாயிரம் ரூபாய் என்றும், வாரத்தில் நாலு நாள் வேலை கிடைத்தால் பெரிய காரியம் என்றும் சொல்லியிருந்தார். அவர் கையில் ஆறு சீட்டுகள். சீட்டு ஒன்று ஐம்பது ரூபாய்.

பஸ் புறப்பட்டதும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. எழுதுகிறவனுக்கு உபதேசம் செய்யும் வியாதி உண்டு. "வாரா வாரம் வாங்குவீர்களா?" என்று கேட்டேன். "வாரா வாரந்தான் சார்" என்றார். மனத்துக்குள் கணக்குப் போட்டேன். வாரம் 300 ரூபாய். ஆண்டுக்கு 15,600 ரூபாய். இருபது ஆண்டுக்கு வட்டி இல்லாமலே மூன்று லட்சத்துக்கு மேல். இந்தக் கணக்கை அவரிடம் ஒப்பித்து, "சேர்த்து வைத்திருந்தால் இன்றைக்கு உங்கள் கையில் ஒரு தொகை இருக்குமே?" என்று முடித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்த திருப்தி எனக்கு.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"சார், பாத்தா வாத்தியார் மாதிரி இருக்கீய. உங்களுக்கு மாசம் பொறந்தா பென்சன் வரும். எனக்கு என்ன வரும்? மூட்டுவலிதான் வரும். மூணு லெச்சம் சேக்கலாம்னு சொல்லுதீய. சேக்க விடுவாகளா? ஒரு சாவு, ஒரு சடங்கு, ஒரு ஆசுபத்திரி, அத்தோட போச்சு. அப்படியே சேந்தாலும், மூணு லெச்சத்துல என் பொழப்பு மாறுமா? இதுல விழுந்தா மாறும் சார்."

எழுத்தாளனுக்குப் பென்ஷன் ஏது? ஆனால் என் மனைவி அரசாங்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பென்ஷன் வரத்தான் செய்கிறது. ஆகவே அவர் ஆளைத்தான் தவறாகச் சொன்னார். விஷயத்தைச் சரியாகவே சொல்லிவிட்டார். புனலூர் வரும் வரையில் நான் வாய் திறக்கவில்லை.

கல்யாண வீட்டில் வேறு ஒரு பேச்சு. சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களில் ஒருவர் சொன்னார்: "கேரளாக்காரன் புத்திசாலி. லாட்டரியிலேயே கோடி கோடியாக எடுக்கிறான். நம் சர்க்காரும் கடனில் தவிப்பதை விட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதானே? யாரையும் கட்டாயப்படுத்தப் போவதில்லையே! இஷ்டப்பட்டவன் வாங்கப் போகிறான்." சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. நானும் அப்போது மறுக்கவில்லை. கல்யாண வீட்டில் சண்டை எதற்கு என்று இருந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

இந்த யோசனை புதியதல்ல. இந்தியாவில் மாநில அரசே லாட்டரி நடத்தும் வழக்கத்தை முதலில் தொடங்கியது கேரளம். 1967-ல் இ. எம். எஸ். மந்திரிசபையில் நிதி மந்திரியாயிருந்த பி. கே. குஞ்ஞு கொண்டுவந்த திட்டம் அது. 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கல் நடந்தது. சீட்டு ஒரு ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய். அதே 1968-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இங்கேயும் பரிசுச் சீட்டு வந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகம் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. என்ன அழகான வாசகம்! எதுகை இருக்கிறது, மோனை இருக்கிறது, தேசபக்திகூட இருக்கிறது. தோற்றவனும் தலை நிமிர்ந்து நடக்கலாம். அவன் தோற்றது நாட்டுக்காக அல்லவா!

இடையில் சில ஆண்டுகள் நின்று, மறுபடி தொடங்கி, பிறகு அது காடாய் வளர்ந்தது. என் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலத்துப் பஸ் நிலையங்கள் ஞாபகம் இருக்கும். கயிற்றில் துணி காயப்போட்டதுபோல் வண்ண வண்ணச் சீட்டுகள் தொங்கும். நம் ஊர்ச் சீட்டு மட்டுமா? சிக்கிம், பூட்டான், நாகாலாந்து என்று, பூகோளப் பாடத்தில் நாங்கள் படிக்காத இடங்களையெல்லாம் லாட்டரிக் கடையில் படித்தோம். ஒலிபெருக்கியில் ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருப்பார். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் எல்லா லாட்டரிச் சீட்டுகளுக்கும் தடை வந்தது. கயிறுகள் அவிழ்ந்தன, ஒலிபெருக்கிகள் ஓய்ந்தன.

அந்த வாசகத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் இடமே வைக்கவில்லை. விழாவிட்டால் நாட்டுக்கு, சரி. எந்த வீட்டிலிருந்து?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் சிலர் பொறுமையாக உட்கார்ந்து விடை கண்டிருக்கிறார்கள். அங்கே இந்தக் காலத்து அரசாங்க லாட்டரி 1964-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிறந்தது. பிறகு மாநிலத்துக்கு மாநிலம் தொற்றிக்கொண்டது. டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் கிளாட்ஃபெல்ட்டர், ஃபிலிப் குக் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், யார் எவ்வளவுக்குச் சீட்டு வாங்குகிறார்கள் என்று ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நியமித்த சூதாட்ட விசாரணைக் குழு 1999-ல் வெளியிட்ட அறிக்கையிலும் அவர்கள் கண்டது இடம்பெற்றது.

அதில் உள்ளதைக் கேளுங்கள். ஆண்களே பெண்களைவிட அதிகம் செலவிடுகிறார்கள். இளைஞரையும் கிழவரையும்விட நடுவயதுக்காரர்கள் அதிகம். இதில் வியப்பு ஒன்றும் இல்லை. மேலே போவோம். லாட்டரி வாங்குவோரில், ஆண்டு வருமானம் 10,000 டாலருக்கும் குறைவாக உள்ளவர்கள் தலைக்கு ஏறக்குறைய 597 டாலர் செலவிட்டார்கள். வேறு எந்த வருமானக்காரரும் இவ்வளவு செலவிடவில்லை. விகிதத்தில் அல்ல, ரொக்கத் தொகையிலேயே! இருப்பவனைவிட இல்லாதவன் அதிகமாகக் கொடுத்தான். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் கல்லூரிப் படிப்பை முடித்தவர்களைப்போல் நான்கு மடங்கு செலவிட்டார்கள். கறுப்பு மக்கள் வெள்ளையரைப்போல் ஐந்து மடங்கு. இன்னும் ஒன்று: மொத்த விற்பனையில் பாதிக்கு மேல், வாங்குவோரில் நூற்றுக்கு ஐந்து பேரிடமிருந்தே வந்தது. பொழுதுபோக்காக என்றோ ஒருநாள் ஒரு சீட்டு வாங்குகிறவனால் லாட்டரி பிழைக்கவில்லை. விடாமல் வாங்கும் அந்த ஐந்து பேரால் பிழைக்கிறது.

"பார்த்தீரா! படிப்பில்லாதவன், ஏழை, அவன்தான் வாங்குகிறான். அறியாமைதான் காரணம்" என்று உடனே முடிவு கட்டிவிட நமக்குக் கை துறுதுறுக்கும். நானும் பஸ்ஸில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கணக்குப் பாடம் நடத்தினேன். கொஞ்சம் பொறுங்கள். கறுப்பு மக்கள் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு மையால் அடையாளமிட்டு, அங்கே வீட்டுக் கடன் கொடுக்காமல் இருந்த நாடு அது. 1930-களில் தொடங்கிய இந்த வழக்கத்துக்குச் சட்டப்படி முடிவு வந்தது 1968-ல்தான். மற்றவன் சம்பாதித்து, கடன் வாங்கி, வீடு கட்டி, அந்த வீட்டைப் பிள்ளைக்கு விட்டுப் போனான். இவனுக்கு அந்தப் படி ஒவ்வொன்றிலும் கதவு மூடியிருந்தது. மூடாமல் திறந்திருந்த கடை லாட்டரிக் கடை ஒன்றுதான். அதில் நுழைந்தவனை அறிவிலி என்பதா?

மில்டன் ஃபிரீட்மனும் லியோனார்ட் சாவேஜும் 1948-ல் எழுதிய கட்டுரை ஒன்று பொருளாதாரம் படிப்பவர்களிடையே பிரசித்தம். ஒரே மனிதன் ஏன் இன்ஷூரன்ஸும் எடுக்கிறான், லாட்டரியும் வாங்குகிறான் என்பது அவர்கள் கேள்வி. கூலிக்காரனுக்குச் சிறிதளவு பணம் கூடுவதால் வாழ்க்கை மாறாது. ஒரே தாவலில் வேறு நிலைக்குப் போய்விடும் அளவுக்குக் கிடைத்தால்தான் மாறும். அந்தத் தாவலுக்காக அவன் நஷ்டக் கணக்கு என்று தெரிந்தே பணம் கட்டலாம் என்று அவர்கள் விளக்கம் சொன்னார்கள். சித்திரக் கோடுகளும் சூத்திரங்களும் போட்டு அவர்கள் நிறுவியதைத்தான் ஆரியங்காவைத் தாண்டியதும் என் பக்கத்து இருக்கைக்காரர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு பஸ் நிலையத்தில் நடந்தது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துப் பஸ் நிலையத்தில் காத்திருந்த பிரயாணிகளிடம் சில கேள்விகள் கேட்டு, பதில் சொன்னதற்கு ஐந்து டாலர் கொடுத்தார்கள். வேண்டுமானால் அந்தப் பணத்தில் லாட்டரிச் சீட்டு வாங்கலாம் என்றார்கள். கேள்விகளில் ஒன்று வருமானம் பற்றியது. ஒரு சாராருக்குக் கொடுத்த பட்டியலில் சிறு சிறு தொகைகள் இருந்தன. தாங்கள் நடுத்தரம் என்று அவர்களுக்குத் தோன்றும். மற்றொரு சாராருக்குக் கொடுத்த பட்டியல் 1,00,000 டாலரிலிருந்துதான் தொடங்கியது. அதைப் பார்த்தவனுக்குத் தான் அடிமட்டத்தில் கிடப்பதாகத் தோன்றும். வேறு வித்தியாசம் ஒன்றுமில்லை. தம்மை ஏழையாக உணர்ந்தவர்கள் மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். 2008-ல் இந்த முடிவு வெளிவந்தது. ஒரு தாளில் அச்சிட்ட சில எண்கள் ஒரு மனிதனை இவ்வளவு மாற்றுமானால், பிறந்த நாள் முதல் பெரிய பங்களாக்களுக்குச் செங்கல் சுமந்துவிட்டு ஓலைக்குடிசைக்குத் திரும்புகிறவனை என்ன செய்யாது?

இப்போது வெற்றிலைத் தட்டுப் பெரியவரின் வாதத்துக்கு வருகிறேன். "யாரையும் கட்டாயப்படுத்தவில்லை" என்றார். வழி நான்கு இருந்து, அவற்றில் ஒன்றை எடுப்பவனைப் பார்த்து, இஷ்டப்பட்டு எடுத்தான் என்று சொல்லலாம். அந்தக் கையாள் மனிதருக்கு இருந்த வழிகளைப் பாருங்கள். அமைப்புசாராத் தொழிலாளர் முதுமையில் கஷ்டப்படக்கூடாது என்று 2015-ல் அடல் ஓய்வூதியத் திட்டம் வந்தது. மாதாமாதம் பணம் கட்டிவந்தால் அறுபது வயதுக்குப் பிறகு மாதம் அதிகபட்சம் 5,000 ரூபாய் நிச்சயம். நல்ல திட்டம். ஆனால் சேருவதற்கு வயது 18 முதல் 40 வரை. 2019-ல் இதேபோல் மாதம் 3,000 ரூபாய் தரும் மற்றொரு திட்டம் வந்தது. அதற்கும் 40 வயதுதான் எல்லை. முதல் திட்டம் வந்தபோதே அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. இரண்டு கதவுகளும் அவர் வருவதற்கு முன்பே சாத்தியாகிவிட்டன. லாட்டரிக் கடைக்காரன் மட்டும் வயதுச் சான்றிதழ் கேட்காமல், "வாங்க அண்ணாச்சி" என்று வரவேற்கிறான். இதற்குப் பெயர் இஷ்டமா?

"நாட்டுக்கு நல்லது நடக்கிறதே" என்பது இரண்டாவது வாதம். இதை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனமில்லை. கேரளத்தில் லாட்டரி வருமானத்தைக் கொண்டு காருண்யா நிதி என்ற பெயரில் ஏழை நோயாளிகளுக்குச் சிகிச்சை உதவி செய்தார்கள். பலன் பெற்றவர்கள் அநேகர். கண் தெரியாதவர், கால் நடக்காதவர், வேறு பிழைப்பு இல்லாத முதியவர் என்று எத்தனையோ பேர் சீட்டு விற்றுக் கஞ்சி குடிக்கிறார்கள். 2003-ல் இங்கே தடை வந்தபோது அவர்களைப் போன்றவர்களின் பிழைப்பு ஒரே நாளில் போனதும் உண்மை.

ஆனால் அந்தச் சிகிச்சைக்குப் பணம் கொடுத்தது யார்? கார் வைத்திருப்பவனா? ஏழையின் வைத்தியச் செலவை ஏழையிடமே, அவன் ஆசையைக் காட்டி வசூலித்து, பிறகு தர்மம் என்று பெயர் வைத்து அவனுக்கே கொடுப்பது என்ன தர்மம்? அந்த வசூலும் சிக்கனமாக நடப்பதில்லை. கேரளத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் சீட்டு விற்கிறது. அதில் பெரும்பகுதி பரிசாகவும் கமிஷனாகவும் போக, கஜானாவுக்குச் சேர்வது மிச்சம்தான். சர்க்கார் ஒரு ரூபாய் எடுக்க, ஜனங்களின் பையிலிருந்து பல ரூபாய் வெளியே வரவேண்டியிருக்கிறது. "பரிசு ஜனங்களுக்குத்தானே திரும்புகிறது?" என்பீர்கள். லட்சம் வீட்டு அடுப்பிலிருந்து ஆளுக்கு ஒரு கொள்ளி எடுத்து, ஒரு வீட்டில் சொக்கப்பனை கொளுத்தினால், நெருப்பு ஊருக்குத்தானே திரும்பியது என்று சொல்ல முடியுமா? அமெரிக்காவில் மெலிஸ்ஸா கியர்னி என்ற பொருளாதார அறிஞர் 2005-ல் இதையே பார்த்தார். லாட்டரிக்குப் போகும் பணம் வேறு சூதாட்டத்திலிருந்து மீந்து வருவதல்ல. வீட்டுச் செலவைக் குறைத்து வருவது என்று கண்டார். வீட்டுச் செலவு என்றால் என்ன? அரிசி, வாடகை, பிள்ளையின் நோட்டுப் புத்தகம்.

ஓணம் பம்பர் என்று ஒன்று உண்டு. 2022 முதல் அதன் முதல் பரிசு 25 கோடி ரூபாய். சீட்டு 500 ரூபாய். அந்த ஆண்டு 60 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்றன. முதல் பரிசு ஒன்றே ஒன்று. ஆண்டுக்கு ஒரு சீட்டு வாங்குகிறவனுக்குச் சராசரிக் கணக்கில் அது ஒரு தடவை விழவேண்டுமென்றால், ஓணம் 60 லட்சம் தடவைக்கு மேல் வரவேண்டும். மாவலி மன்னரே அலுத்துப்போய் வருவதை நிறுத்திக்கொள்வார். விழுந்தவனுக்கும் முழுதாகக் கிடைக்குமா என்றால் அதுவும் இல்லை. ஏஜெண்டுக்குப் பத்து சதவிகிதம், வருமான வரி முப்பது சதவிகிதம் போக, 25 கோடி 16 கோடிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒருவனுடைய சீட்டு விழுந்தது பத்திரிகையில் படத்தோடு வரும். விழாத 60 லட்சம் பேரின் படத்தைப் போட எந்தப் பத்திரிகையில் இடம் இருக்கிறது?

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆரியங்காவில் நானும் ஒரு சீட்டு வாங்கினேன். கல்யாண வீட்டில் இரண்டு நாளும் அந்தச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. அதைக் கொண்டு குற்றாலத்தில் ஒரு வீடு கட்டினேன். மாடியில் ஒரு புத்தக அறை வைத்தேன். சன்னலைத் திறந்தால் அருவி தெரிகிறமாதிரி அதைத் திருப்பி வைத்தேன். என் பதிப்பாளருக்குக் கடுமையாக ஒரு கடிதம்கூட எழுதினேன். கற்பனைக்குப் பஞ்சமில்லாத நாவலாசிரியனுக்கே ஐம்பது ரூபாயில் இவ்வளவு சுகம் என்றால், கற்பனை செய்ய ஓய்வே இல்லாதவனுக்கு எவ்வளவு இருக்கும்! நம்பிக்கை வாங்குகிறான், வாங்கிவிட்டுப் போகட்டும் என்று சொல்பவர்களின் வாதத்தில் உயிர் இருக்கிறது என்பதை அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன். என் சீட்டு விழவில்லை. எனக்குப் போனது ஒரு வேளைச் சிற்றுண்டிக் காசு. அவருக்கு ஆறு சீட்டும் விழாவிட்டால் போவது, வாரச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மாதம் 80,000 ரூபாய் சம்பளம் வாங்குபவர் அதே விகிதத்தில் கொடுப்பதானால் மாதம் 6,600 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும். வெற்றிலைத் தட்டைச் சுற்றி இருந்தவர்களில் யார் கொடுப்பார்கள்?

கொடுக்க மாட்டார்கள் என்று எழுதிவிட்டேன். அதையும் உடனே திருத்திக்கொள்ள வேண்டும்.

என் தங்கை வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்கு வரும் பெண் ஒருநாள் ஐந்நூறு ரூபாய் முன்பணம் கேட்டாள். கணவன் மூன்று நம்பர் லாட்டரியில் விட்டுவிட்டானாம். தடை வந்தாலும் வியாபாரம் சந்துக்குள் போனதே தவிரச் சாகவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பணத்தைக் கொடுத்துவிட்டு என் தங்கை, "இவர்களுக்கெல்லாம் எந்தக் காலத்திலும் புத்தி வராது அண்ணா" என்றாள். அதே நேரத்தில் உள் அறையில் அவள் மகன், நல்ல கம்பெனியில் வேலை பார்க்கிறவன், கைப்பேசியைப் பார்த்தபடி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பங்கு மார்க்கெட்டில் ஆப்ஷன் வாங்கி விற்கிறான். அந்த மாதம் மட்டும் ஒன்றரை லட்சம் போயிருந்தது. அதைப் பற்றிக் கேட்டதற்கு என் தங்கை சொன்னாள்: "டிரேடிங்கில் கொஞ்சம் லாஸ்."

வேலைக்காரி புருஷன் விட்டால் சூது. நம் பிள்ளை விட்டால் டிரேடிங்! பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஒரு கணக்கை வெளியிட்டது. 2021 ஏப்ரல் முதல் மூன்று நிதி ஆண்டுகளில் இந்த ஊக வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் பணத்தை இழந்தார்கள். இழப்பு, ஆளுக்குச் சராசரி இரண்டு லட்சம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். தோற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் மறுபடியும் ஆடினார்கள். ஆடியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குக் குறைவு என்று காட்டியவர்கள். இங்கேயும் அதே கதை. ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவன்தான் ஒரே தாவலில் மேலே போகப் பார்க்கிறான். வித்தியாசம், அவன் கையில் சீட்டுக்குப் பதில் கைப்பேசி இருக்கிறது. அவனை யாரும் முட்டாள் என்று சொல்வதில்லை. வென்றவனும் தூண்டிலைத்தான் விழுங்கினான் என்று சூதைப் பற்றி எழுதிய வள்ளுவர், படித்தவனுக்கு விலக்கு எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

"அப்படியானால் தடை இருந்து என்ன பயன்? திருட்டுத்தனமாக விற்கிறதே! சர்க்காரே விற்றால் வருமானமாவது வரும்" என்பது கடைசி வாதம். தடை மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2003 ஜனவரியில் லாட்டரிக் கடையை மூடிய அதே சர்க்கார், அதே ஆண்டு முடிவதற்குள் சாராயச் சில்லறைக் கடைகளைத் தானே எடுத்து நடத்த ஆரம்பித்தது. கூலிக்காரன் பையில் ஒரு கையை எடுத்து, மறு கையை விட்ட கதை. ஆனால் ஒரு தவறு சரியாக நிற்கவில்லை என்பதற்காக இன்னொரு தவறைக் கூட்டிக்கொள்ளச் சொல்வது என்ன நியாயம்? சந்தில் திருட்டுத்தனமாக விற்பவன் ஏமாற்றுக்காரன். போலீஸைக் கண்டால் ஓடுவான். சர்க்காரே விற்கும்போது அதற்கு முத்திரை விழுகிறது, விளம்பரம் வருகிறது. அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தின் ஏழைப் பகுதியில், இந்த இடத்தைவிட்டு வெளியேற இதுவே உன் சீட்டு என்கிற கருத்தில் லாட்டரிக்குப் பெரிய விளம்பரப் பலகை வைத்தார்கள். அந்தப் பகுதிக்கு நல்ல பள்ளிக்கூடம் கொடுக்க வேண்டிய அரசாங்கம் வைத்த பலகை அது! தன் கடமையில் தவறியவனே அந்தத் தவற்றை மூலதனமாக்கிக் கடை வைத்தால் அதற்கு என்ன பெயர்? குடிமகன் நம்பிக்கை இழந்திருக்கும் மட்டும் அந்தக் கடையில் வியாபாரம் ஓடும். அவனுக்கு நல்ல காலம் பிறந்தால் கஜானாவுக்கு நஷ்டம். இப்படி ஒரு வருமானத்தை நம்பிவிட்ட சர்க்கார், அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று முழு மனத்தோடு எப்படி விரும்பும்?

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நாற்பது வயது தாண்டியவனுக்கும் ஓய்வூதியத்தின் கதவைத் திறந்துவிடுங்கள். ஒரு நோய் வந்தால் இருபது வருஷச் சேமிப்பும் அழியாது என்ற உறுதியைக் கொடுங்கள். செங்கல் சுமந்தவன் மூட்டு தேய்ந்த பிறகும் சோறு உண்டு என்று காட்டுங்கள். அதற்குப் பணம் வேண்டும், உண்மைதான். அதை எங்களிடம் கேளுங்கள். வருமானத்துக்குத் தக்கபடி வரி என்று ஒரு நேரான வழி இருக்கும்போது, இல்லாதவனிடம் அதிகமாகவும் இருப்பவனிடம் குறைவாகவும் வாங்கும் இந்தக் குறுக்கு வழி வேண்டாம்.

இன்னொரு கல்யாண வீட்டில், இன்னொரு வெற்றிலைத் தட்டைச் சுற்றி இந்தப் பேச்சு மறுபடி எழும். நானோ நீங்களோ அங்கே இருப்போம். லாட்டரியை மறுபடி கொண்டுவரலாம் என்று சொல்பவரிடம் இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். சண்டையும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "உங்கள் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு நீங்கள் சீட்டு வாங்கத் தயாரா?"